ஐம்பதுக்கு நாற்பத்தேழு

ஜனவரி 11

அம்மா குவைத்திலிருந்து வந்து இன்று ஒன்பதாம் நாள். எங்காவது எழுதி வைக்க வேண்டும் போல் இருந்தது. இந்தக் கொப்பி ஒன்பதாம் தரத்தில் நான் புவியியலுக்கு வைத்திருந்தது. மகாவலி கங்கையைப் பாதி வரைந்திருந்தபோது பாடசாலையை விட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத் தாள்.

அம்மா போகும்போது எனக்குப் பதினொரு வயது. தங்கை மதுஷாவுக்கு ஐந்து. முதல் மூன்று வருடம் மாமி, அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தார். அவர் கலியாணம் முடித்து வாழைச்சேனைக்குப் போனதும் சமைக்கவும் துவைக்கவும் மதுஷாவைப் பாடசாலைக்கு அனுப்பவும் ஆள் வேண்டும் என்று நான் வீட்டில் நின்றுகொண்டேன். ஒரு மாதம் கழித்து வகுப்பு மிஸ் வீட்டுக்கு வந்து விசாரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா என்ன சொன்னாரோ, மிஸ் பிறகு வரவில்லை.

இப்போது அம்மா வந்துவிட்டார். இனி எனக்கு வேலை குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜனவரி 15

பொங்கல். அம்மாதான் பொங்கினார். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டார். கதிரை இருக்கிறதே என்றேன். பரவாயில்லை என்றார்.

ஜனவரி 24

இன்று றொமிலா மிஸ் வந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஊரில் எப்படி மறுபடி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று அளக்கும் திட்டமாம். மாதம் ஒரு தடவை, ஆறு மாதம் வருவாராம். பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. பாடசாலையில் சோதனை எழுதுவது போலத்தான்.

திரும்பி வந்தவர்களிடமே கேட்டால் எல்லாம் நல்லம் என்றுதான் சொல்வார்களாம். அதனால் வீட்டில் இன்னொருவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. அப்பா மேசன் வேலைக்குப் போய்விடுவார். மதுஷா சின்னவள். ஆகவே நான்.

வெளி ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். மிஸ் மிகவும் அன்பானவர், மஞ்சள் குடை வைத்திருக்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா வேளைக்கு எழும்புவாரா? ஓம். சொல்லாமலே வீட்டு வேலை செய்வாரா? ஓம். கோபப்பட்டுக் கத்துவாரா? இல்லை. சாமான் எறிவாரா? இல்லை. வீட்டாரோடு சண்டை? இல்லை. எதற்கும் நான் பொய் சொல்லவில்லை.

கூட்டிப் பார்த்தால் நாற்பத்து நான்கு. இந்தப் பக்கத்தில் இதுதான் ஆகக் கூடிய புள்ளி என்று மிஸ் சொன்னார். நான் எந்தப் பாடத்திலும் அவ்வளவு எடுத்ததில்லை.

பெப்ரவரி 2

அம்மா குசினியிலேயே பாய் போட்டுப் படுக்கிறார். நான் காலையில் எழும்பும்போது பாய் சுருட்டி வைத்திருக்கும், முற்றம் கூட்டியிருக்கும், அப்பாவின் சிமெந்துக் காற்சட்டை தோய்த்துக் கொடியில் கிடக்கும். ஏன் குசினியில் என்று அப்பாவிடம் கேட்டேன். பழகின பழக்கம், போகப் போகச் சரியாகும் என்றார்.

பெப்ரவரி 6

இன்று ஒரு சிரிப்பான விசயம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு,

“மகள், நான் கிணத்தடிக்குப் போயிட்டு வரட்டா?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அப்படியே நின்றார். கடைசியில் “போங்க” என்றேன். போனார்.

பெப்ரவரி 13

கிணற்றடிக்கு, கக்கூசுக்கு, வேலியோரம் முருங்கை இலை பறிக்க. ஒவ்வொன்றுக்கும் கேட்கிறார். அப்பாவிடம் கேட்பதில்லை. என்னிடம்தான்.

பெப்ரவரி 21

இரண்டாம் தடவை மிஸ் வந்தார். அம்மா தட்டத்தில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். “அக்கா, நீங்களும் வந்து இருங்க” என்று மிஸ் கூப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வந்து கதிரை நுனியில் இருந்தார். மிஸ் அதைப் பார்த்து, தாயும் மகளும் நல்ல ஒற்றுமை என்று சொல்லி, வீட்டாரோடு நல்லுறவா என்ற கேள்விக்கு ஐந்து போட்டார்.

நாற்பத்தாறு.

மார்ச் 3

திட்டத்திலிருந்து தையல் இயந்திரம் வந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் அதைத் துடைக்கிறார். மேலே பூப்போட்ட துணி விரித்திருக்கிறார். தைத்ததில்லை. யார் துணி தந்தாலும் தைப்பேன் என்கிறார், ஆனால் போய்க் கேட்பதில்லை. மதுஷா அதன்மேல் கொப்பி வைத்து வீட்டுப்பாடம் செய்கிறாள். இயந்திரம் பயன்படுகிறதா என்று மிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பயன்படத்தான் செய்கிறது.

மார்ச் 9

இரண்டு வீடு தள்ளி இருக்கும் செல்வரதி அன்ரி இன்று சோற்றுப் பானையைத் தெருவில் எறிந்தார். அவர் சவூதியிலிருந்து நவம்பரில் வந்தவர். புருசனை, மாமியாரை, போகிற வருகிற ஓட்டோக்காரனை எல்லாம் ஏசினார். சனம் கூடிப் பார்த்தது. அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தெருவில் கிடந்த சோற்றை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, “நான் போய் அதக் கூட்டிட்டு வரட்டா?” என்றார்.

வேண்டாம் என்றேன். செல்வரதி அன்ரிக்கு மிஸ் பதினேழுதான் போட்டாராம். அப்பா, “பாவம் அந்த மனுசன்” என்றார்.

மார்ச் 18

அம்மாவின் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. மதுஷா மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து, “அவவுக்கு எங்களப் புடிக்கல்ல” என்றாள். அவள் இன்னும் “அவ” என்றுதான் சொல்கிறாள். அம்மாவென்று சொல் என்று அடிக்கப் போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார். நான் கையை இறக்கும் வரை நகரவில்லை.

மார்ச் 30

இன்று ஏழு மணி வரை பாயில் கிடந்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. தேநீர் பக்கத்தில் வந்தது.

ஏப்ரல் 5

நாற்பத்தேழு. மிஸ் போகும்போது என் தோளைத் தட்டி, நீங்கள் அம்மாவை நன்றாகப் பார்க்கிறீர்கள் என்றார்.

ஏப்ரல் 16

சித்திரை வருடப்பிறப்புக்கு மாமி வந்திருந்தார். மதுஷாவின் சட்டையை இஸ்திரி போட்டுத் தரும்படி நான் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டு, “என்ன புள்ள, உன்ர அம்மாவா வேலைக்காரியா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா அதற்குள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டார்.

இரண்டு நாளாக மாமியின் மேல் கோபமாக இருக்கிறது.

ஏப்ரல் 23

தேநீரில் சீனி கலக்கும்போது கரண்டி கோப்பையில் பட்டுச் சத்தம் வந்தது. அம்மா முற்றத்திலிருந்து ஓடி வந்தார். ஈரக் கையோடு நின்று, “ஹாதர்” என்றார். அரபு. சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“சொல்லுங்க, செய்யிறன் எண்டுறது. அங்க கரண்டி தட்டிக் கூப்பிடுறவங்களுக்கு அது புடிக்கும்.”

ஏப்ரல் 29

இன்று கரண்டியால் கோப்பையில் இரண்டு தடவை தட்டினேன்.

மே 4

அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகவே கதைத்தார். வந்த நாளிலிருந்து இவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

அங்கேயும் றொமிலா மிஸ்ஸைப் போல ஒருவர் வருவாராம். ஏஜென்சிக்காரர். தமிழும் தெரிந்தவர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து வரவேற்பறையில் இருந்துகொண்டு அம்மாவைக் கூப்பிடுவாராம். வீட்டு மேடம் பக்கத்திலேயே நிற்பாராம்.

“சாப்பாடு தாறாங்களா, படுக்க இடம் இருக்கா, அடிக்கிறாங்களா, இதான் கேப்பார். நல்லம் எண்டு சொன்னா ஒரு தாளில கீறிட்டுப் போயிருவார்.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“நல்லம் எண்டுதான். மறுகா அவர் போயிருவார்தானே. நான் அங்கதானே இருக்கணும்.”

சுளகைத் தட்டிக் கல்லைத் தெரிந்தெடுத்தார். நானும் தெரிந்தெடுத்தேன். குருவிகள் வந்து சிந்திய அரிசியைத் தின்றன.

மே 10

நாற்பத்தேழு. இயந்திரத்துக்கு ஓம் என்று சொன்னேன்.

மே 19

எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

பாடசாலைக்கு நான் கொண்டுபோன பீங்கான் குவளை, ஒரே ஒரு நினைவாக வைத்திருந்தது, அம்மாவின் கையிலிருந்து விழுந்து உடைந்தது. நான் கத்தினேன். மிஸ் கேட்டால் ஓம் என்று சொல்லக்கூட எனக்குச் சத்தம் வராது. எனக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது இன்றுதான் தெரியும். “கண் தெரியாதா உங்களுக்கு, எத்தின தரம் சொல்லுற” என்றெல்லாம் கத்தினேன்.

அம்மா குனிந்து, இடது கையைத் தூக்கி இடது காதை மூடிக்கொண்டார். மூடியபடியே நின்றார். நான் அவரைத் தொடக்கூட இல்லை. மூன்று அடி தள்ளித்தான் நின்றேன்.

பிறகு துண்டுகளைக் கையால் பொறுக்கினார். நான் உதவிக்குப் போகவில்லை. போக முடியவில்லை.

மே 20

அம்மாவுக்கு இடது காது கேட்காது. இன்று பின்னால் நின்று சோதித்துப் பார்த்தேன். வலது பக்கம் மெதுவாகக் கூப்பிட்டாலே திரும்புகிறார். இடது பக்கம் காதுக்குக் கிட்டப் போய்க் கூப்பிட்டாலும் இல்லை. எப்படி ஆனது என்று கேட்டேன். “தண்ணி போயிருக்கும்” என்றார்.

கூப்பிட்டால் திரும்பாதது பெருமையால் என்று எல்லோரும் நினைத்தோம். நான் கொடுத்த புள்ளிகளில் அதுவும் இருக்கிறது. எதிர்த்துக் கதைக்க மாட்டார் என்பதற்கு ஐந்து.

ஜூன் 3

தேங்காய் வாங்கப் போனபோது கடையில் செல்வரதி அன்ரி நின்றார். முன்பென்றால் நான் சந்து வழியாகத் திரும்பியிருப்பேன். ஆள் மாறியிருக்கிறார். தலை வாரிப் பூ வைத்திருந்தார். கடைக்காரரோடு தேங்காயின் அளவைப் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், “உன்ர அம்மா கெட்டிக்காரி எண்டு மிஸ் சொன்னா. எனக்கு இருபத்தஞ்சுக்குக் கீழ எண்டு டவுண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறாங்க புள்ள. ஒரு லேடி டொக்டர். ஒரு மணித்தியாலம் நான் கதைக்கிறத மட்டும் கேட்டுக்கொண்டிருப்பா. கண் பார்த்தாங்க, காது பார்த்தாங்க, எல்லாம் பார்த்தாங்க” என்றார்.

நாற்பதுக்கு மேல் வந்தால் என்று கேட்டேன்.

“அவங்களுக்கு என்னத்துக்கு டொக்டர்? அவங்கட ஃபைல் கோவைய ஜூன் முடிய மூடிருவாங்க.”

தேங்காயை வாங்காமல் வந்துவிட்டேன். மறுபடி போக வேண்டியிருந்தது.

ஜூன் 5

அப்பாவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து, காது கேட்பதில்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர் முகம் கழுவிக்கொண்டே, வயது போனால் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது. வீட்டுக் கதையை வெளி ஆட்களிடம் கதைக்காதே என்றும் சொன்னார்.

ஜூன் 11

மதுஷாவைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு அம்மாவை நம்மூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வரச் சொன்னேன், வந்தார். வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். உட்காரும் வாங்கு காலியாக இருந்தும் அம்மா அதில் இருக்கவில்லை. உள்ளே டொக்டர் நிமிர்ந்து என்ன வருத்தம் என்று கேட்டார். அம்மா, “ஒண்டும் இல்ல டொக்டர்” என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் இலக்கத் துண்டை மடித்துச் சின்னதாக்கினேன். ஒரு அட்டை பனடோல் தந்தார்கள்.

ஜூன் 14

மிஸ் கடைசிப் படிவத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம் என்று அவருக்குத் தெரியும். “ஆறுதலா எழுதி வைங்க, ரெண்டு கிழமையில சேரோட வந்து எடுக்கிறன்” என்றார். சேர் என்பவர் இந்தத் திட்டத்துக்குப் பெரியவராம்.

எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

ஜூன் 16

எழுதி முடித்தேன். வேளைக்கு எழும்புகிறார், ஏனென்றால் பயம். பூச்சியம். சண்டை இல்லை, ஏனென்றால் பயம். பூச்சியம். காரணம் எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் சிறிதாக எழுதினேன். வீட்டாரோடு நல்லுறவா என்ற கேள்வியில் பேனையை வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். அதற்கும் பூச்சியம் போட்டேன். அதன் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மொத்தம் ஒன்பது.

ஜூன் 28

வந்தார்கள். அப்பா வேலைக்குப் போகாமல் நின்றார். சேர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். மே மாதம் நாற்பத்தேழு, ஜூன் மாதம் ஒன்பது, இப்படி விழவே விழாது என்றார். அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். மிஸ் என் பக்கத்தில் வந்து, அம்மாவோடு ஏதும் கோபமா என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா, “புள்ள விளங்காம எழுதிட்டா” என்றார்.

நான் சொல்ல வேண்டியது ஒரு வரிதான். நேற்று முழுவதும் பூவரச மரத்தடியில் நின்று சொல்லிப் பழகியிருந்தேன். “காது” என்றேன். அது மட்டும்தான் வந்தது.

“காதா? ஆருக்கு?”

அம்மாவைக் கையால் காட்டினேன்.

சேர் நல்ல மனிதர். எழும்பி அம்மாவுக்குப் பக்கத்தில் போய், “அக்கா, காது கேக்குதா உங்களுக்கு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் நின்றது வலது பக்கம்.

“கேக்குது சேர்.”

சேர் மிஸ்ஸைப் பார்த்தார். விதிப்படி வீட்டு ஆளிடம்தான் கேட்க வேண்டும், ஆனால் இந்த இடத்தில் அவரிடமே கேட்பது நல்லது என்றார். அம்மாவை நடுவில் நிற்க வைத்தார்கள். இருக்கச் சொல்ல யாருக்கும் நினைவில்லை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன், கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று. இங்கே எப்படி இருக்கிறீர்கள் அக்கா, ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றார் சேர்.

அம்மா ஒரு தரம் என் பக்கம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பாடமாக்கியதைச் சொல்வது போலச் சொன்னார்.

“நல்லம் சேர். ஒரு குறையும் இல்ல. நேரத்துக்குச் சாப்பாடு தாறா. படுக்க இடம் தந்திருக்கா. அடிக்கிறல்ல. நல்லவ.”

மிஸ் சிரித்துவிட்டார். மகளைப் பற்றி இப்படிச் சொல்லும் அம்மாவை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். அப்பாவும் சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. பேனையை மூடி, திறந்து, அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். அவர்களுக்கு இன்னும் நான்கு வீடு இருந்தது.

பழைய புள்ளியையே போட்டார்கள். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. அப்பா கையெழுத்து வைத்தார். நான் எழுதியதை மிஸ் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 29

அம்மாவுக்கு முன் எழும்பித் தேநீர் ஊற்றலாம் என்று ஐந்துக்கு எழும்பினேன். அம்மா எழும்பியிருந்தார்.

ஜூன் 30

நாலரைக்கு எழும்பினேன். எழும்பியிருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தேநீர் பிந்திவிட்டது என்று.

ஜூலை 1

இனி அப்படிச் செய்வதில்லை.

ஜூலை 9

பஸ் ஏறி மிஸ்ஸின் அலுவலகத்துக்குப் போனேன், தனியாக. வாசலில் இருந்தவர் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே கேட்டுவந்தார். மிஸ் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். எங்கள் கோவை மூடியாயிற்று. மறுபடி திறக்க ஏதும் வழி உண்டா என்று கேட்டேன், முழு வசனமாகவே கேட்டேன். அம்மா திரும்ப வெளிநாடு போய் வந்தால் புதுக் கோவை திறப்பார்களாம். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

சுவரில் பலகையொன்றில் வீடுகளின் புள்ளிகளை ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீடு மேலே இருந்தது. பச்சை நிறம்.

ஜூலை 15

கரண்டி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன். சீனியை அகப்பைக் காம்பால் கலக்குகிறேன்.

ஜூலை 19

இன்று பின்னேரம் அம்மா உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தார். களைத்துப் போயிருந்தார். நான் கதிரையை வாசலுக்கு இழுத்து முற்றத்தைப் பார்க்க வைத்து, “அம்மா, இதில இருங்க” என்றேன். இருந்தார். நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து இருந்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏதோ ஒன்று தொடங்கிவிட்டது போல் இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு மதுஷா பாடசாலைக்குப் போடும் சப்பாத்தைத் தைக்கக் கொடுக்கக் கடைச்சந்திக்குப் போனேன்.

வழியில் மழை பிடித்தது. இந்த மாதத்தில் இப்படிப் பெய்வதில்லை. கடைத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். விடவில்லை. நனைந்துகொண்டே வந்தேன்.

அம்மா அதே கதிரையில் இருந்தார். இரண்டு கையும் மடியில். ஒரு துளி விழுந்தாலே ஓடிப்போய்க் கொடியை அள்ளுபவர். அப்பாவின் காற்சட்டை, மதுஷாவின் வெள்ளைச் சட்டை, எல்லாம் தண்ணீர் ஒழுகத் தொங்கின. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் அடித்து அவர் சேலையும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

“ஏன் அம்மா எடுக்கல்ல?”

“இருக்கச் சொன்னீங்க.”

எழும்புங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் நான் சொல்வதாகத்தான் இருக்கும். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய வலது பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டேன். அம்மா எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. உடுப்புகள் நனைந்துகொண்டிருந்தன.